கடைசி பெஞ்சில் வீரபாகு

என் அடுத்த வீட்டு நெசவுக்காரன் வீரபாகு எந்தப் பட்டுப் புடவையையும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பான். பெண் பார்க்கப் போனபோதும் கொல்லை வழியாகத்தான் நுழைந்தான். பொய்யில்லை, கூடப் போனவன் நான்.

அவன் மகள் சங்கீதா, திருமுக்கூடல் போகும் வழியில் இருக்கும் சின்னக் கல்லூரியில்தான் வேதியியல் படிப்பேன் என்று நின்றாள். வகுப்புக்கு முப்பது பேர்தான். ஓர் இடம் பாக்கி.

"அறுபது பஸ் ஓடுற காலேஜ் இருக்கச்சொல்ல, இன்னாத்துக்கும்மா இந்த டியூஷன் சென்டரு?"

"அங்க நான் வெறும் நம்பருப்பா. இங்க பேரு சொல்லிக் கூப்புடுறாங்க. எல்லாரும் ஒண்ணா உக்காந்துக்கினு படிக்கிறாங்க."

முதலில் சங்கீதாவையும் கூட்டிக்கொண்டு பெரிய கல்லூரியைப் பார்த்தோம். பின்பக்கம் போகவே ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது. வழியில் தாடிக்காரர் ஒருவர், மூன்று வருஷமாகத் தம் வகுப்பறையைத் தேடுவதாகச் சொன்னார். அதில் இரண்டு வருஷம் பாஸாம்.

சின்னக் கல்லூரியின் பின்பக்கம் முதல்வர் கலாவதி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் கையிலும் ஒரு துணியைக் கொடுத்தார். துடைத்து முடித்துவிட்டு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம்.

பாடம் சாயம். கொதிக்கும் சாயத்தில் பட்டு நூலைப் போட வேண்டும் என்றார் ஆசிரியர்.

வீரபாகு எழுந்துவிட்டான். "திட்டுத் திட்டாப் புடிக்கும் சார். வெதுவெதுன்னு ஆரம்பிச்சு சூடேத்தணும்."

விவாதம் சூடேறியது. மணி அடிப்பவரும் வந்து உட்கார்ந்துவிட்டதால் அன்றைக்கு மணியே அடிக்கவில்லை.

அந்தக் கல்லூரியில் யாரைச் சேர்ப்பது என்று மாணவர்கள்தான் ஓட்டுப் போடுவார்கள். கலாவதி சீட்டுகளை எண்ணிவிட்டு வந்தார்.

"ஒரே குரல்ல சொல்லிட்டாங்க. சீட்டு வீரபாகு அண்ணாவுக்குத்தான்."

"நான் பத்தாவது பெயிலும்மா."

"அதை அப்புறம் பாத்துக்கலாம்."

வீரபாகு விண்ணப்பத்தை வாங்கினான். பேனாவையும் திறந்தான்.

"அப்பா!" என்று கூவினாள் சங்கீதா. "அது என் சீட்டு. பின்பக்கம் பாக்கத்தானே வந்த?"

வெகு நேரம் யோசித்தான். ஒரு தகப்பன் அவ்வளவு நேரம் யோசித்திருக்கக் கூடாது. பிறகு மகள் பெயரை எழுதினான். சாயப் பாடம் நடக்கும் சனிக்கிழமைகளில் மட்டும் தானும் வருவதாகப் பேசி முடித்தான்.

சனிக்கிழமை வருகைப் பதிவில் இப்போது சங்கீதாவுக்கு எண்பது சதவீதம். வீரபாகுவுக்கு நூறு.