ஆட்டோவுக்கு அடியில் ஒரு சதுர மீட்டர்

தொம்மலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்னும் கட்டடம் எழும்பாத ஒரு மனை இருக்கிறது. அதில் மூக்குத்திப்பூச் செடி எப்படிப் பரவியிருக்கிறது என்பதுதான் என் எம்.எஸ்ஸி. ஆய்வு. கூட்டம் கூட்டமாகவா, சீரான இடைவெளியிலா, எந்த ஒழுங்கும் இல்லாமலா. பிளம்பிங் குழாயில் செய்த சதுரத்தைத் தரையில் போட்டு, உள்ளே இருக்கும் செடிகளை எண்ண வேண்டும். இப்படிப் பல இடங்களில் எண்ணினால் விடை தெரிந்துவிடும்.

முதல் தடவை எண்ணிக் கொண்டுபோனதை என் ஆய்வு வழிகாட்டி சரளா மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். எண்ணிய இடங்களைக் குறித்த வரைபடத்தில், மனையை ஒட்டிய டீக்கடை ஓரமாக ஒரு புள்ளிகூட இல்லை.

"அந்தப் பக்கம் செடி இல்லையா, இல்ல ஆளுங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் குனிந்து எண்ணக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

இம்முறை கணினியில் தற்செயல் எண்களை எடுத்து, அவரே புள்ளிகளைக் குறித்துக் கொடுத்தார். ஒன்றை மாற்றினாலும் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டார். இன்று மாலைதான் கடைசிக் கெடு.

நடுவிலும் வேலியோரத்திலும் இருந்தவற்றை மதியத்துக்குள் முடித்துவிட்டேன். டீக்கடைப் பக்கம் மிஞ்சியது. அங்கே முதல் புள்ளி, அளவு நாடாவை எப்படிப் பிடித்தாலும், ஒரு ஆட்டோவுக்கு நேர் அடியில் விழுந்தது. பின்சீட்டில் டிரைவர் படுத்திருந்தார்.

சவாரி வந்தால் போய்விடுவார் என்று காத்திருந்தேன். சிவாஜிநகர் வருமா என்று ஒருவர் கேட்டார். கண்ணைத் திறக்காமலே, வராது என்று தலையை ஆட்டினார். அடுத்தவர் மீட்டருக்கு மேலே தருவதாகச் சொன்னார். அதற்கும் தலை ஆடியது. நான் சதுரத்தைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோவைப் படம்போலச் சட்டம் போட்டு மாட்ட வந்தவள்போல் நின்றேன்.

கடைசியில் அவரே கண்ணைத் திறந்தார். "இன்னாம்மா, ரொம்ப நேரமா நிக்கிறே. எங்க போணும்?"

"எங்கயும் போக வேணாம்ணா. நீங்கதான் கொஞ்சம் போகணும்." சதுரத்தைத் தூக்கிக் காட்டினேன். "வண்டிக்கு அடியில செடி எண்ணணும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். பெயர் சாலமன், ஊர் கோலார் தங்கவயல்.

"எங்கப்பா பூமிக்கு அடியில தங்கம் தேடினாரு. நீ ஆட்டோக்கு அடியில செடி தேடறியா?"

கிளட்ச் கேபிள் அறுந்திருந்ததாம். டீக்கடை ராகேஷைக் கன்னடத்தில் கூப்பிட்டார். இருவரும் வண்டியை முன்னால் தள்ளினார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

சதுரத்தைப் போட்டேன். உள்ளே ஆயில் கறை, ஒரு பீடித்துண்டு. செடி இல்லை. பூஜ்யம் என்று எழுதினேன்.

சாலமன் அண்ணனின் முகம் வாடிவிட்டது. தன் வண்டியால்தான் இப்படி ஆகிவிட்டது என்றார். "பாஸாவறதுக்கு எவ்ளோ வேணும்?"

பதிலுக்குக் காத்திராமல் வேலியோரம் போய்ச் சில செடிகளை வேரோடு பிடுங்கி வந்து, சதுரத்துக்குள் நட ஆரம்பித்தார். ராகேஷ் தண்ணீர் ஊற்றினார்.

"வேணாம்ணா." நான் போட்ட சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். "இல்லன்னா இல்லன்னுதான் எழுதணும். காலி இடமும் இருந்தாதான், மத்த இடத்துல கூட்டமா இருக்குன்னு சொல்ல முடியும்."

சாலமன் அண்ணன் அரைமனதாக எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, வண்டிக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

அடுத்த புள்ளிக்கு நாடாவைப் பிடித்தேன். சந்தேகம் வந்து மறுபடி பிடித்தேன். ஆட்டோ இப்போது நிற்கும் இடமேதான்.

இந்தத் தடவை நான் காத்திருக்கவில்லை.

"அண்ணா, இன்னும் கொஞ்சம் முன்னால போகணும்."

பழக்கத்தில் தலை ஆடியது. பிறகு இறங்கி வந்தார்.