ஏழு தண்ணீர் கழுவிய அரிசி

பாவாயி ஓடைக் கல்லில் உட்கார்ந்து அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது தண்ணீர். முதல் தண்ணீர் பாலாக ஓடியது, இப்போது லேசான கலங்கல்தான் மிச்சம். இன்னும் இரண்டு தண்ணீர் கழுவினால் தும்பைப் பூவாட்டம் வெளுத்துவிடும். உடம்பு சரியில்லாத மனிதனுக்கு ஆக்குகிற சோற்றில் பழுப்பாக ஒரு மணி கிடக்கலாமா? அந்தக் குறை தன் கையால் நேரக் கூடாது என்பதில் அவள் கறாராக இருந்தாள்.

அவள் புருஷன் மாதன் வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தான். ஆடியில் பாதம் மரத்துப்போகிறது என்றான். புரட்டாசியில் கால் வீங்கியது. இந்தக் கார்த்திகையில் எழுந்து நிற்கவே இன்னொருவர் தோள் வேண்டியிருந்தது. காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய் ஒரு மாதமாகிவிட்டது.

மாதனுடைய கால்களைப் பார்த்துத்தான் பாவாயி கல்யாணத்துக்குத் தலையாட்டினாள் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. அது பொய்யுமில்லை. ஒரு மூட்டைச் சாமையைத் தலையில் வைத்துக்கொண்டு சேந்தமங்கலத்துச் சந்தைக்கு இறங்குவான். பொழுது சாய்வதற்குள் உப்பும் கருவாடுமாக மலையேறி வந்து நிற்பான். நடுவழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தான் என்று யாரும் சொன்னதில்லை. வந்ததும் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் வேண்டும். "இன்னொரு அகப்பை போடு புள்ளே" என்று அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். அவளும் சலித்துக்கொள்வதுபோலப் போட்டுக்கொண்டே இருப்பாள். பாறை உரலைச் சுற்றி நாலு பெண்கள் நின்று சாமை குத்தினால், பறக்கிற உமி தலைமயிரெல்லாம் படிந்து, எல்லோருமே ஒரே நாளில் கிழவிகளாகிவிட்டதுபோல் இருக்கும். ஒருத்தியை ஒருத்தி பார்த்து அப்படிச் சிரிப்பார்கள். அந்த நாட்களை நினைத்தால் பாவாயிக்கு நெஞ்சு நிறைந்துவிடும், கண்ணும் கூடவே நிறையும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு தோட்டத்தில் கூலிக்கு அரிசி அளக்கத் தொடங்கினார்கள். மில்லில் தீட்டிய ரங்கூன் அரிசி, கழுதை முதுகில் ஏறி வந்தது. மலையில் அதுவரை பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் நோயாளிக்கும் மட்டும்தான் அரிசிச் சோறு. முதல் வாரம் மாதன் விரலை நக்கிக்கொண்டே, "நமக்கு இனித் தெனமும் நோம்பிதான் புள்ளே!" என்று சிரித்தான். தோட்ட வேலைக்குப் போகப்போக, கேழ்வரகுக் காடு கரம்பாயிற்று. சாமைக் காட்டில் மட்டும் பாவாயி எப்படியோ விதைத்து அறுத்துவந்தாள்.

அவன் படுத்த பிறகு, பார்க்க வந்தவர்களெல்லாம் முறைப்படி ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசியை முந்தானையில் முடிந்து வந்தார்கள். பாவாயி அதோடு நிற்கவில்லை. ஐப்பசியில் அறுத்த சாமை மொத்தத்தையும் கூலி அரிசி அடுக்கிவைத்து அளக்கும் தோட்டத்துக் கிட்டங்கியில் கொடுத்து, மூன்று படிக்கு ஒரு படியாக அரிசி வாங்கி வந்தாள். நோயாளி வாயில் முரட்டுச் சோற்றை வைத்தாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாதல்லவா?

அன்று மத்தியானம், கீழேயிருந்து நடந்து ஏறி வந்த நர்ஸ் பொன்னம்மாள் அவர்கள் வீட்டுக்கும் வந்தாள். ஊர்ப் பெண்களைக் கூட்டிவைத்து முட்டை, பால், கீரை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. மாதனின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது விழுந்தபடியே நின்றது.

"என்னம்மா சோறு போடற?"

"அரிசிச் சோறுங்க" என்றாள் பாவாயி. குரலில் பெருமை இருந்தது. "ஏழு தண்ணி கழுவி, கஞ்சியச் சுத்தமா வடிச்சுக் கொட்டிப்போட்டுத்தானுங்க போடறன்."

பொன்னம்மாள் மாதனின் காலை வேட்டியால் மூடினாள். பிறகு பாவாயி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ணு, நான் சொல்றதக் கேட்டு மனசு ஒடஞ்சுறாத. அரிசியோட சத்து மேல இருக்கற தவிட்டுலதான் இருக்குது. அத மில்லுக்காரன் தீட்டி எடுத்துட்டான். ஒட்டிக்கிட்டிருந்த கொஞ்சநஞ்சத்த நீ ஓடையில உட்டுட்ட. இந்தச் சோத்தையே தின்னுதான் காலு இப்பிடியாச்சு."

"அப்ப… நான் போட்ட சோத்துலயாங்க?"

"உனக்கு யாரு சொன்னா, தெரியறதுக்கு? முன்னால தின்னீங்களே, சாமை, அவரை, கீரை, அதுதான் மருந்து. இன்னைக்கே போடு. வீக்கம் நெஞ்சுக்கு ஏறிட்டா என்னால ஒண்ணும் ஆகாது."

சுவரோரம் கிடந்த மாதன் கண்ணைத் திறந்தான். "சாமைச் சோறா? கேக்கறப்பவே வாயூறுது புள்ளே" என்றான்.

பாவாயி வீடு வீடாக ஓடிக் கேட்டாள். யாரிடமும் சாமை இல்லை. எல்லோருமே அவளைப் போல அரிசிக்கு மாற்றியிருந்தார்கள். இருந்த அரிசியைத் துணியில் கட்டிக்கொண்டு கிட்டங்கிக்கு நடந்தாள். அன்று கூலி அளக்கிற நாள். வரிசையில் நின்று, முறை வந்ததும் கிட்டங்கிக் கணக்குப்பிள்ளை அர்த்தனாரி முன்னால் மூட்டையை வைத்தாள்.

"ஏனுங்க, இந்த அரிசிய எடுத்துக்கிட்டு எஞ் சாமையத் திருப்பிக் குடுங்க. நீங்க எத்தன படி அளந்தாலும் செரி."

"சாமை குடுக்கறதுக்கில்ல பாவாயி. அது தோட்டத்துத் தொரையோட கோழிக்கு" என்றார் அர்த்தனாரி. கெட்ட மனிதரல்ல, பொறுமையாகவே சொன்னார். "சீமைக்கோழி. மொதல்ல இந்த அரிசியத்தான் போட்டோம். ஒரு மாசத்துல காலு மடங்கி, நிக்க மாட்டாம உழுந்துருச்சு. தொரை பொஸ்தகத்தப் பாத்தாரு. அரிசிய நிறுத்திட்டுச் சாமையப் போடச் சொன்னாரு. எட்டே நாள்ல எந்திரிச்சிருச்சு."

"எப்பங்க அது?"

"போன வருசம்."

பாவாயி முற்றத்தைப் பார்த்தாள். வேலைக்காரன் கூடையிலிருந்து சாமையை அள்ளி வீசிக்கொண்டிருந்தான். முப்பது நாற்பது வெள்ளைக் கோழிகள், கெட்டியான மஞ்சள் கால்களால் மண்ணைச் சீய்த்து, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஓடின.

"தள்ளிக்க, பின்னால நிக்கறாங்க" என்றார் அர்த்தனாரி.

அடுத்தவள் முந்தானையை விரித்தாள். அவர் படியை வெள்ளை அரிசிக்குள் அமிழ்த்தி எடுத்து, தலை தட்டி, அளந்து போட்டார்.