அழிந்துபோன அம்புக்குறி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு பெண்ணின் இடது முழங்காலைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் பயமாக இருக்கும். என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

அவளுக்குப் பதினான்கு வயது. வாய் ஓயாததால் வீட்டில் ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். பந்து விளையாடி விழுந்ததில் முழங்காலுக்குள் சவ்வு கிழிந்துவிட்டது. பத்து மணிக்கு ஆபரேஷன். ஏழு மணியிலிருந்தே ரேடியோவில் சத்தம் இல்லை.

முதல் நாள் சாயங்காலம் டாக்டர் அந்தக் காலில் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டிருந்தார். காலையில் நன்றாகச் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொன்னார்கள். குளித்தாள், தேய்த்துத் தேய்த்து. துண்டால் துடைத்துவிட்டுப் பார்த்தால் குறியைக் காணோம்.

திட்டுவார்களோ என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அப்புறம் வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பிரஷர் பார்க்க வந்தவர், "எந்தக் காலும்மா?" கையில் ஊசி செருக வந்தவரும், "எந்தக் கால்?" 'இடது' என்று சொல்லிவிட்டுப் போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். இவர்கள் யாருக்குமே தெரியாதா? நான் மயங்கிய பிறகு யாரைக் கேட்பார்கள்?

ஸ்ட்ரெச்சர் வந்தது. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பற்கள் கிட்டித்தன.

"நான் வரமாட்டேன்."

"பச்சப்புள்ளையாடி நீ?" என்ற அம்மாவுக்கே குரல் நடுங்கியது. "சிஸ்டர், இங்கயே ஒரு ஊசியப் போட்டுத் தூங்க வச்சிடுங்களேன்."

"வேண்டாம்!" என்று அலறினாள்.

நர்ஸ் ஊசியைத் தேடவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்தார். "ஊசி கிடக்கட்டும். என்ன பயம்னு சொல்லு, சிரிக்க மாட்டேன்."

போர்வை மெல்ல விலகியது. "அழிச்சிட்டேன் சிஸ்டர். மாத்தி வெட்டிடுவாங்க. யாருக்கும் எந்தக் கால்னே தெரியல, எங்கிட்டயே கேக்குறாங்க."

"அடடா, முன்னாடியே சொல்லாதது என் தப்பு. தெரியாம கேக்கல கண்ணு. ஒவ்வொருத்தரும் உன் வாயால கேட்டு, சீட்டோட சரிபாக்கணும். எங்க வேலை முறை அது. குறி இல்லாம உன்ன உள்ள விடவே மாட்டோம்."

டாக்டரை வரவழைத்தார். அவர் ஸ்கேன் படத்தைப் பார்த்து, சீட்டைப் பார்த்து, அவளையும் கேட்டுவிட்டு மறுபடி அம்பு போட்டார். "என்ன சோப்பும்மா அது? பிள்ளைங்க கிறுக்கி வச்ச என் வீட்டுச் சுவருக்கு வேணும்."

"இனிமே நீ கேளு," என்றார் நர்ஸ். "அவங்க பதில் சொல்லட்டும். தப்பாச் சொன்னா வண்டியத் திருப்பிடுறேன்."

பயம் போய்விட்டதா? எங்கே போகும்! ஆபரேஷன் அறைக் கதவுக்குள் எலும்பைத் துளைக்கும் குளிர். தலைக்கு மேல் பெரிய விளக்கு. சுற்றிலும் கண்கள் மட்டும் தெரிகிற முகங்கள். அவள் கேட்டாள்.

"எந்தக் கால்?"

"இடது."

"நீங்க?"

"இடது முழங்கால்."

மயக்க டாக்டர் மூக்கருகே மாஸ்க்கைக் கொண்டுவந்தார். "நீங்க இன்னும் சொல்லல," என்றாள், நடுங்கிக்கொண்டே.

"இடதுதான் தாயே! இப்பவாவது மூச்ச இழு."

இழுத்தாள்.

கண் விழித்ததும் கை போர்வைக்குள் போனது. வலது கால் வெறுமையாக இருந்தது. இடது முழங்காலில் தடித்த கட்டு. தொட்டுப் பார்த்து, மறுபடியும் தொட்டுப் பார்த்து, வலியோடு பேச ஆரம்பித்தாள். பேசிக்கொண்டே இருந்தாள். அம்மா ரேடியோவை அணைக்கவில்லை, அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டில் யாரும் அந்தக் கதவுக்குள் போக வேண்டாம். போக நேர்ந்தால், கட்டிலோரம் உட்கார்ந்து கேட்க ஒருவர் இருக்கட்டும். உள்ளே போனவர்கள் எல்லோரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு உங்கள் வாசல் ஏறி வரட்டும்.