அன்று போடாத கூப்பாடு

புதுப் பாலத்தில் முதல் ரயில் ஓடும்போது கட்டியவர்கள் அதன் அடியில் நிற்க வேண்டும். பாலக்காரர்களின் வழக்கம் அது. விழுந்தால் எங்கள் தலையிலேயே விழட்டும் என்ற வீம்புதான், வேறென்ன. போல்ட் மேஸ்திரிக்குத் தான் முறுக்கிய முறுக்கில் துளி சந்தேகம் கிடையாது. அவரை உறுத்தியது வேறு.

பழைய பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தவரும் அவர்தான். ஏழு வருடம் முன்பு, விடுதலைப் போர் உச்சத்தில் இருந்தபோது, ஊரைக் கொளுத்த வந்த பட்டாள ரயில் அதனால் அக்கரையிலேயே நின்றுபோனது. ஊர் தப்பியது, நாடும் விடுதலையானது. பாலத்துக் காவலாளி மட்டும் செத்துப்போனார். அன்று அவருக்கு லீவு, வெடிக்கு முன் நழுவிவிடுவதாக இருந்த வேறொருவருக்குப் பதிலாக அவர் வந்து நின்றது வெடி வைத்தவருக்குத் தெரியாது என்று ஊரே நம்பியது.

காவலாளியின் மனைவிதான் இப்போது பாலத்தின் அளவுக்காரம்மா. ரயில் ஏறினால் பாலம் எவ்வளவு இறங்குகிறது என்று அடியில் நின்று கருவியில் பார்ப்பவள். அவள் பக்கத்தில் பொய்யோடு நிற்க மேஸ்திரிக்குக் கால் வரவில்லை.

"அக்கா, அன்னிக்கு அண்ணன் பாலத்துல நிக்கறத நான் பாத்தேன். பாத்துட்டுதான் வெடி விசைய அழுத்துனேன்."

கருவியைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"ஒரு சத்தம் போட்டிருந்தா?"

"அவர் ஓடியிருப்பார். கரையில தூங்கின சிப்பாய்ங்களும் முழிச்சு என்னப் பிடிச்சிருப்பாங்க. ரயில் ஊருக்குள்ள வந்திருக்கும்."

"அப்ப ஊருக்குள்ளதான் எம்பொண்ணும் இருந்தா." அவள் மறுபடி கருவியைத் துடைக்கத் தொடங்கினாள்.

"நாங்க சண்டை போட்டதே தப்பாக்கா?"

"யார் சொன்னா? எங்கப்பாவ நடுத்தெருவுல பூட்ஸ் காலால உதைச்சவன், கும்பிட்டுக் கேட்டா போயிருப்பானா? சண்டை நியாயம்தான். ஆனா அவர் செத்ததும் நியாயம்னு எங்கிட்ட யாரும் வரக் கூடாது."

மேலே திறப்பு விழா மேடையில், காவலாளி செத்ததும் நியாயம் என்பதையேதான் மந்திரி ஜவ்வாக இழுத்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, ரயில் ஊதி அவர் வாயை அடைத்தது. மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு கரைப் பக்கம் நடந்தார்.

"எங்க போறீங்க தம்பி? கட்டினவர்தானே, நில்லுங்க. அன்னிக்குப் போடாத சத்தத்த இப்பப் போடுங்க."

ரயில் பாலத்தில் ஏறியது. இரும்பு முழுக்க அதிர்ந்தது. மேஸ்திரி அண்ணாந்து பார்த்து, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"அண்ணே, ஓடுங்க! பாலத்த விட்டு ஓடுங்க!"

ஏழு வருடம் தொண்டையில் கிடந்தது அது. வெற்றிக் கூச்சல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போல்ட் ஆட்களும் கூடச் சேர்ந்து கத்தினார்கள். கரையில் கொடி பிடித்து நின்ற ஜனமும் கத்தியது. அளவுக்காரம்மாவும் கத்தினாள். "ஏங்க" என்று, வீட்டில் கூப்பிடுவது போலவே, ஆனால் ஆறு முழுக்கக் கேட்கும்படி. அத்தனை சத்தத்துக்கு நடுவே கடைசிப் பெட்டியும் பத்திரமாக அக்கரை சேர்ந்தது. மேஸ்திரிக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்கின.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கருவியைப் பார்த்தாள்.

"ஆறு மில்லி இறங்குச்சு தம்பி."

"பழைய இடத்துக்குத் திரும்பிடுச்சாக்கா?"

"திரும்பிடுச்சு. வாங்க, மேல போலாம்."