மேனேஜருக்கு மீன்

தட்டில் வெந்த பூசணிக்காயும் சோறும் வைத்ததும் மேனேஜர் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தையல்காரி குனிந்து அதன் முதுகைத் தடவினாள். எலும்புதான் கையில் தட்டுப்பட்டது. அவள் தைக்கும் பள்ளிச் சீருடைத் துணிகளின் மேல் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, வேலையைக் கண்காணிப்பதுபோல் பார்க்கும் பூனை அது. பெயர் வந்தது அப்படித்தான்.

எல்லாம் அவள் கணவரின் நெஞ்சுவலியில் தொடங்கியது. மூன்று வருஷத்துக்கு முன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோதே வந்து, பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. எண்ணெயையும் கொழுப்பையும் குறைக்கச் சொன்னார் டாக்டர். மனிதர் அதோடு நிற்கவில்லை. கறி, மீன், முட்டை, பால் எதுவும் இனி வாசற்படி தாண்டக்கூடாது என்று வீட்டுக்கே சட்டம் போட்டார். பயந்துபோயிருந்த அவளும் வாய் திறக்கவில்லை. மேனேஜர் மட்டும் எலி பிடித்துத் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டது. போன வருஷம் மூன்றாவது மாடிக்குக் குடிவந்ததும் அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

அன்று மத்தியானம் பூனை இரண்டடி நடந்தது, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது, அப்படியே சரிந்தது.

"பூனைக்கெல்லாம் டாக்டரா? வயசாயிடுச்சு, விடு" என்றார் கணவர்.

"அஞ்சு வயசுதாங்க ஆகுது அதுக்கு!" என்றவள், துணிக்கூடையில் அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

கால்நடை மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். இதயம் வீங்கிச் சுவர் மெலிந்திருந்தது. என்ன சாப்பாடு என்று கேட்டதும் அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவு மீதியைச் சொன்னது.

"பூனை கறி தின்னு வாழற பிராணிம்மா. டாரின்ங்கற ஒரு சத்து இருக்கு. அது இறைச்சியிலயும் மீன்லயும்தான் கிடைக்கும். அது இல்லன்னா பூனையோட இதயம் தளர்ந்துபோயிடும். இதுக்கு அது ரொம்பக் கம்மி. பி-12 வைட்டமினும் கம்மி."

"கடையில வைட்டமின் டானிக் வாங்கி ஊத்தட்டுமா?"

"கூடவே கூடாது. எல்லாப் பூனைக்கும் சத்துக்குறைவால இதய நோய் வர்றதில்ல. சில வைட்டமின் அளவு மீறினா விஷம். நான் தர்ற மருந்தை மட்டும் குடுங்க. சாப்பாட்டை மாத்துங்க."

கூடையை எடுத்தவள் நின்றாள். "டாக்டர், பி-12 குறைஞ்சா மனுஷங்களுக்கு விரல் மரத்துப்போகுமா? கொஞ்ச நாளா ஊசி கையில நிக்க மாட்டேங்குது."

"போகலாம். முதல்ல போய் உங்க டாக்டரைப் பாருங்க."

பார்த்தாள். அவளுக்கும் அதே குறைதான். ஊசி போட்டார்கள்.

மறுநாள் காலை அடுப்பில் மீன் வெந்தது. கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"என்ன நாத்தம் இது? நான் செத்தாலும் பரவாயில்லையா உனக்கு?"

"உங்க நெஞ்சுக்கு உங்க பத்தியம். அதைக் கண்ணும் கருத்துமா சமைச்சுத் தர்றேன். இது அதோட நெஞ்சுக்கு."

"சரி, பால்கனியில வெச்சாவது கொதிக்கவிடேன்."

"மாட்டேன். இங்கதான் வேகும். பக்கத்துல முட்டையும் வேகுது பாருங்க, அது எனக்கு. திருட்டுத்தனமா சாப்பிட நாங்க என்ன தப்பு பண்ணினோம்?"

"வீட்டுல நான் சொல்றதுக்கு மதிப்பே இல்லையா?"

"மூணு வருஷம் மதிச்சேன். என் விரல் மரத்துப்போச்சு, அது நெஞ்சு வீங்கிப்போச்சு. இன்னும் எவ்வளவு மதிக்கணும்?"

அவர் விறுவிறுவென்று பால்கனிக்குப் போய்விட்டார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவள் அசையவில்லை. சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கக் கிளம்பியபோது, "கூடையைக் குடு, படி அதிகம்" என்று தானே வந்தார். வீக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறது, மருந்தை நிறுத்திவிடாதீர்கள் என்றார் மருத்துவர். கூடைக்குள்ளிருந்து மேனேஜர் கணவரின் விரலைக் கடித்தது.

திரும்பும் வழியில் அவர் மெல்லச் சொன்னார்: "என் உடம்புக்குச் சொன்னதை உங்க ரெண்டு பேர் தலையிலயும் கட்டிட்டேன். நல்லதுக்குன்னுதான் நெனச்சேன்."

"நெனச்சீங்க, கேக்கல" என்றாள் அவள். "யாரு தட்டுல எது விழணும்னு அவங்கவங்க உடம்புதாங்க சொல்லணும். நம்மளை நம்பி இருக்கறது வாயில்லாத ஜீவன்னா, தெரிஞ்சவங்களைக் கேட்டுட்டுத்தான் சோறு வைக்கணும். கேக்காம போடற சட்டம், அன்புல போட்டாலும் கொடுமைதான்."