லாக்கரில் வைத்த குரல்

துறைமுக நகரமான கிள்ளானில் மூன்று தலைமுறையாகச் சேலைக்கடை நடத்தும் குடும்பம் எங்களுடையது. பிரிக்காத சரக்குக்குத்தான் மதிப்பு என்பதைப் பாலோடு சேர்த்துக் குடித்து வளர்ந்தவன் நான். அதனால்தான் எங்கள் கல்யாண வீடியோ இருந்த பென் டிரைவை, வெல்வெட் பெட்டி கலையாமல், என் மனைவி புஷ்பவல்லியின் நகைகளோடு பேங்க் லாக்கரில் வைத்தேன். பதினொரு வருடமாக அதை ஒரு கம்ப்யூட்டரிலும் செருகியதில்லை.

செருகிப் பார்க்கும் தைரியமும் அவளுக்கு இல்லை. கல்யாண மேடையில் மைக் பிடித்துப் பேசிய அவள் தம்பி வாசு, அதிலிருந்து நாற்பதாவது நாள் மோட்டார் விபத்தில் போய்விட்டான். போட்டோ நிறைய இருக்கிறது. குரல் அந்த டிரைவில் மட்டும்தான்.

போன வாரம் அவளாகவே சொன்னாள்: "இப்போ கேட்டுருவேன்னு நினைக்கிறேன்."

லாக்கரிலிருந்து எடுத்து வந்து வீட்டு லேப்டாப்பில் போட்டோம். டிரைவை ஃபார்மட் செய்யட்டுமா என்று அது கேட்டது. பதறிப்போய் பிரிக்பீல்ட்ஸில் உள்ள கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினோம்.

கடைக்காரப் பெண் கார்த்திகா ஒரு மணி நேரம் போராடினாள். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். 'வாசு ஸ்பீச்' என்று ஃபைலின் பெயர் இருந்தது. அளவுகூடச் சரியாகக் காட்டியது. திறந்தால் வெறும் கறுப்பு, சத்தமும் இல்லை.

"டிரைவ் நல்லாத்தான் இருக்கு, உள்ள இருந்த டேட்டாதான் கசிஞ்சிடுச்சு அண்ணே. இதுக்குள்ள எல்லாமே கரண்ட்டாத்தான் பதிஞ்சிருக்கும். சும்மா வச்சா கொஞ்சம் கொஞ்சமா இறங்கிடும். சிலது தாங்கும், சிலது தாங்காது."

"நல்லா கேளும்மா. லாக்கர்ல இருந்துச்சுலா! பூட்டு மேல பூட்டு. யாரும் கையே வைக்கல!"

"அதான் தப்பாயிடுச்சு. அப்பப்போ போட்டுப் பாத்து, வேற ரெண்டு எடத்துல காப்பி எடுத்திருக்கணும். வீடியோ எடுத்தவர்கிட்ட இருக்குமா?"

"அவன் கடையையே மூடிட்டான்."

தங்கத்தைப் போல வைத்தேனே! தங்கம் அப்படியே இருக்க, பக்கத்திலிருந்தது சத்தமில்லாமல் செத்திருக்கிறது. நான் வருடா வருடம் பிணத்துக்கு வாடகை கட்டியிருக்கிறேன்.

புஷ்பவல்லி அழவில்லை. கார்த்திகா வேறு கம்ப்யூட்டரைப் பார்க்கப் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு அவன் பேச ஆரம்பிச்சதுமே நான் அழுதுட்டேன். ஒண்ணுமே காதுல ஏறல. வீடியோ இருக்கேன்னு விட்டுட்டேன். நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க? என்ன பேசினான்? சொல்லுங்க."

பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த நேரம் துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட சேலை மூட்டைகளைப் பற்றி, கழுத்து மாலைக்குள் போனை மறைத்துக்கொண்டு ஏஜெண்டோடு மல்லுக்கு நின்றேன். வாசு பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது.

அவள் கண்கள் என் வாயையே பார்த்தன. சாயம் போகும் சேலையையும் சத்தியம் பண்ணி விற்ற வாய். இதைச் சமாளிக்க முடியாதா என்ன?

"அது வந்து… 'அக்காவ கண் கலங்காம பாத்துக்குங்க மாமா'ன்னு சொன்னான். எல்லாரும் கை தட்டினாங்க."

அவள் காலி வெல்வெட் பெட்டியை மூடினாள்.

"அவன் என்னை அக்கான்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல" என்றாள். "வல்லின்னுதான் கூப்பிடுவான்."