மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் முறை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்தது அல்ல. சேலத்தில் நான் அவ்வப்போது எழுதும் வாரப் பத்திரிகையின் ஆசிரியர், மோட்டார் எண்ணெய் விற்கும் ஒரு கடைக்காரரிடம் விளம்பரம் வாங்கிவிட்டார். விளம்பரத்துக்குப் பக்கத்தில் பொருத்தமாக ஒரு கட்டுரை வந்தால் நன்றாயிருக்கும் என்று கடைக்காரர் பிரியப்பட்டாராம். 'மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே சுத்தம் செய்து பராமரிப்பது எப்படி' என்று தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்.

என்னிடம் இருப்பது ஒரு மிதிவண்டி. அதன் சங்கிலி அடிக்கடி கழன்று என் வேட்டியைப் பிடித்துக்கொள்ளும். இந்தத் தகுதியே போதும் என்றார் ஆசிரியர்.

இந்த முப்பத்தெட்டாம் வருஷத்தில் சேலம் ஜில்லாவில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களை எல்லாம் திரட்டினால் ஒரு கல்யாணப் பந்தியில் பாதி இலைகூட நிரம்பாது. உங்களிடமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். பரவாயில்லை, படியுங்கள். உபயோகமில்லாத கட்டுரைகளைப் படித்து உங்களுக்குப் பழக்கம்தான்.

2

தொடக்கம் ஒன்று: மோட்டார் சைக்கிள் என்பது மேல்நாட்டு விஞ்ஞானம் மனித குலத்துக்கு மனமுவந்து அளித்த

(கைவிட்டேன். இப்படித் தொடங்குகிற கட்டுரையை நானே படிக்க மாட்டேன்.)

தொடக்கம் இரண்டு: ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே, சோளக்காடுகளின் மீது காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை

(கதிரவனுக்கு இந்தக் கதையில் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஆனால் இப்போது இல்லை. போகச் சொல்லிவிட்டேன்.)

தொடக்கம் மூன்று: வெங்கடாசலம் சனிக்கிழமைதோறும் தன் மோட்டார் சைக்கிளுக்கு நல்லெண்ணெய் தேய்த்து, அரப்புப் போட்டுக் குளிப்பாட்டினார்.

இது நிற்கட்டும்.

3

வெங்கடாசலம் ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே தோட்டம் வைத்திருக்கும் குடியானவர். கெட்ட மனிதர் அல்ல. மேட்டூரில் அணைக்கட்டு வேலை முடிந்து சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன மோட்டார் சைக்கிளை அவர் வாங்கினார். அதற்காகக் காளைகள் இரண்டையும் கூட்டுவண்டியையும் விற்றார். அன்றிலிருந்து உழவுக்குப் பக்கத்துத் தோட்டத்துச் சடையன்தான் காளை கொடுக்கிறார்.

பெயரை மாற்றட்டுமா என்று கேட்டேன். பெயர் இல்லாவிட்டால் வண்டி யாருடையது என்று ஊருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். ஆகவே பெயர் நிஜம்.*

கட்டுரைக்கு வேண்டியதை அவர் தாராளமாகச் சொன்னார். சங்கிலியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். எஞ்சினில் பொறி விடுகிற பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டும். டயரைக் கட்டைவிரலால் அழுத்திக் காற்றுப் பார்க்க வேண்டும். இவையெல்லாம் சரிதான், சேலத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் எண்ணெய்க் குளியலுக்கு வந்தார். உடம்புச் சூடு தணிய வாரம் ஒருமுறை மனிதனே எண்ணெய் தேய்த்துக்கொள்கிறான், வயிற்றுக்குள் நெருப்பையே வைத்திருக்கிற வண்டிக்கு வேண்டாமா என்பது அவர் வாதம். மெக்கானிக் இதைக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பார்த்த பார்வையைக் கட்டுரையில் எப்படிப் போடுவது என்று தெரியவில்லை.

எந்தக் கிழமை என்பதில்தான் வீட்டில் தகராறு. ஆண்களுக்குச் சனிக்கிழமை, பெண்களுக்கு வெள்ளிக்கிழமை என்பது வழக்கம். மோட்டார் சைக்கிள் ஆணா பெண்ணா? போடுகிற சத்தத்தைப் பார்த்தால் தெரியவில்லையா, ஆண்தான் என்றார் வெங்கடாசலம். இந்த வீட்டில் இத்தனை சீராட்டு வாங்குவதைப் பார்த்தால் தன் சக்களத்தி என்றுதான் தெரிகிறது, வெள்ளிக்கிழமையே வைத்துக்கொள்ளலாம் என்றாள் அவர் மனைவி உண்ணாமலை. சனிக்கிழமையே நிலைத்தது.

நல்லெண்ணெயைக் கைப்பிடியிலிருந்து சக்கரக் கம்பி வரை பூசி ஊறவிடுவார். எண்ணெய்ப் பிசுக்குப் போக அரப்புத்தூளைக் கரைத்து நார் போட்டுத் தேய்ப்பார். கிணற்றுத் தண்ணீர் குடம் குடமாக. கடைசியில் சாம்பிராணிப் புகை.**

நல்லது. ஆனால் அந்த வண்டி எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். எங்கும் போகவில்லை. வெளியே எடுத்தால் புழுதி படியும்.

* தன்னைத் தவிர வேறு யாருக்காவது பெயரைப் போடுவதில் ஆட்சேபம் உண்டா என்று அவர் யோசிக்கவில்லை. நானும் அப்போது யோசிக்கவில்லை.

** பெட்ரோல் தொட்டிக்குப் பக்கத்தில் கங்குச் சட்டி. இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம்.

4

உண்ணாமலையை எழுதுவதில் எனக்குச் சிக்கல். முதல் பிரதியில் அவளைப் பொறுமையின் சிகரமாக வைத்து, முந்தானையால் கண்ணைத் துடைக்கவிட்டேன். ஆசிரியருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவள் பிறந்த ஊர் சேலத்துக்குக் கிழக்கே வாழப்பாடிப் பக்கம். காளைகள் இருந்தவரை தைக்கும் ஆடிக்கும் தாய்வீட்டுக்குப் போய் வந்தாள். மோட்டார் சைக்கிள் வந்த பிறகு ஒருமுறைகூடப் போகவில்லை. மோட்டார் இருக்கும் வீட்டுப் பெண்ணை எதற்குப் பஸ்ஸில் அனுப்புவது, அடுத்த மாதம் நானே கூட்டிப்போகிறேன் என்று வெங்கடாசலம் சொல்லிக்கொண்டே இருந்தார். வாழப்பாடியில் அவளுடைய அம்மா ஒவ்வொரு மாதமும் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள். வயதான உடம்பு.

இதில் கண்ணைத் துடைக்க எங்கே நேரம்? எனக்கென்றால் கோபம்தான் வந்திருக்கும். எழுதும்போதே வருகிறது.

5

ஐப்பசி மாதம், மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த ஒரு சனிக்கிழமை. வண்டிக்கு அரப்புத் தேய்த்தாகிவிட்டது, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்போது உண்ணாமலையின் அண்ணன் வீட்டுப் பண்ணையாள் செல்லமுத்து மிதிவண்டியில் வந்து இறங்கினான். அம்மாவுக்கு நேற்றிலிருந்து கஞ்சி இறங்கவில்லை, சின்னவள் எங்கே, சின்னவள் எங்கே என்றே கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னான். மல்லசமுத்திரத்திலிருக்கும் மூத்த மகளுக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்று மோர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

(இந்த இடத்தில் ஒரு பல்லியைக் கத்தவைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.)

உண்ணாமலை உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். வெங்கடாசலம் வண்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"இன்னிக்குப் பாத்து எண்ணெ தேச்சிருக்குதே. எண்ணெ தேச்ச அன்னிக்கு வெயில்ல பயணம் போவாங்களா? ஒடம்புக்கு ஆவாதே."

"எண்ணெ தேச்சது வண்டிக்குத்தானுங்க. எனக்கில்லீங்களே."

அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எண்ணெய் தேய்த்த நாளில் பகலில் தூங்கக்கூடாது, வெயிலில் அலையக்கூடாது, ஊர்ப் பயணம் கூடாது என்பதை அவர் தன் உடம்புக்கு எப்படிக் கடைப்பிடித்தாரோ அப்படியே வண்டிக்கும் கடைப்பிடித்து வந்தார். ஆனாலும் மாமியார் காரியம். உதைத்துப் பார்த்தார். எஞ்சின் இருமக்கூட இல்லை. பெட்ரோல் போகிற வழியில் அரப்பு, பொறி கிளம்புகிற இடத்தில் கிணற்றுத் தண்ணீர்.

சடையன் வீட்டில் வண்டி பூட்டச் சொல்லலாம் என்றாள் உண்ணாமலை. வாசலில் மோட்டார் நிற்கும்போது அடுத்தவனிடம் போய் மாட்டுவண்டி கேட்பதா என்றார் அவர். கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும் என்று கங்குச் சட்டியை எடுத்துவந்து எஞ்சினுக்குச் சாம்பிராணி போட உட்கார்ந்தார். அவர் புகையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தபோது உண்ணாமலை அங்கே இல்லை. சேலம் பஸ் போகிற பெரிய ரோட்டை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

6

இனி வரப்போவதை நான் கற்பனை செய்யவில்லை. வெங்கடாசலமே சொன்னார், அதுவும் பராமரிப்புக் குறிப்பாக.

வண்டி கிளம்பிவிட்டது. பிளக்கைத் துடைத்து, பெட்ரோல் குழாயை வாயால் ஊதி, நாலைந்து உதையில் உயிர் வந்துவிட்டதாம். ஏறி உட்கார்ந்து மனைவியைப் பிடிக்கப் போனார். இந்த இடத்தில் நான் அவரை மன்னித்து, மடியில் எழுத்துப் பலகையோடு நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டேன். கதை நல்லபடியாகத் திரும்புகிறது என்று நினைத்தேன்.

பெரிய ரோட்டுக்கு முன்னால் ஒரு ஓடை குறுக்கே போகிறது. முந்தின நாள் மழையில் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கணுக்கால் அளவு. உண்ணாமலை அக்கரை ஏறியிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பி நின்றாள். அவர் இக்கரையில் வண்டியை நிறுத்தினார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் சேற்றைப் பார்த்தார்.

"அப்பறங்க?" என்று கேட்டேன்.

"அப்பறம் என்னுங்க, திருப்பிக்கிட்டு வந்துட்டன். அந்தச் சேத்துல எறக்கியிருந்தா மறுக்கா மொதல்ல இருந்து கழுவோணும். ஒரே நாள்ல ரெண்டு தண்ணி ஊத்துனா வண்டிக்குச் சளி புடிச்சுக்குமுங்க."

இதை நீங்கள் கட்டுரையில் தடித்த எழுத்தில் போட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

இதுவரை வெங்கடாசலத்துக்கு 'அவர்', உண்ணாமலைக்கு 'அவள்' என்று எழுதிவந்தேன். அச்சு வழக்கம் அப்படி. அந்த ஓடைக்கு இந்தப் பக்கம் அந்த வழக்கத்தைக் கொண்டுவர எனக்கு மனமில்லை.

7

முடிவுகள்.

(அ) பஸ் சரியான நேரத்தில் வருகிறது. அம்மா கண் திறந்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு பால் குடிக்கிறாள். ஆசிரியருக்கு இது வேண்டும்.

(ஆ) பஸ் வரவில்லை. வாழப்பாடி போய்ச் சேரும்போது வாசலில் பந்தல். கண்ணீர்க் கதை எழுதும் என் நண்பர் ஒருவருக்கு இது வேண்டும், கடனாகக்கூடக் கேட்டார்.

(இ) வெங்கடாசலம் மனம் மாறி, சேற்றைப் பொருட்படுத்தாமல், ஓடையைத் தாண்டி

(முடியவில்லை. எழுதிப் பார்த்தேன். எத்தனை முறை எழுதினாலும் அவர் வண்டியைத் திருப்பிவிடுகிறார்.)

அம்மா இறந்துபோனது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காரியத்துக்கு வெங்கடாசலமும் போனார், சடையனின் மாட்டுவண்டியில். ரோட்டில் சேறு இன்னும் காயவில்லையாம். துக்க வீட்டில் ஆண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் இருந்து, மோட்டார் சைக்கிள் எப்படி ஓடுகிறது என்று விளக்கிவிட்டுத் திரும்பினார். எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். உண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு நினைவு இருந்ததா? சின்னவள் வந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டு போனாளா? வெங்கடாசலத்திடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அன்றைக்குச் சாம்பிராணி போட்டதில் எஞ்சின் மூடி லேசாகக் கறுத்துவிட்டது என்றார்.

ஆகவே இன்னொரு நாள் போனேன். வெங்கடாசலம் அரப்பு வாங்க ஆட்டையாம்பட்டிக்குப் போயிருந்தார், நடந்து. உண்ணாமலை களத்தில் நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார். கோபப்படவில்லை.

"வண்டியெப் பத்தித்தானே எழுத வந்தீங்க?"

ஆமாம் என்றேன். எழுத எழுத அது உங்கள் கதையாகிவிட்டது, முடிவு மட்டும் இல்லை என்றேன்.

"நான் போய்ச் சேந்தப்ப எங்கம்மா எப்பிடி இருந்தாங்கன்னு அவுரு இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தெ கேக்கலீங்க. பொம்பளைங்க பக்கம் அத்தன பேருக்கும் தெரியும். அவுருக்குத் தெரியாது. கேட்டா அன்னிக்குச் சொல்லுவன். நீங்க இப்பவே எழுதிப்போட்டா, அதெப் படிச்சுத் தெரிஞ்சுக்குவாருங்க. அப்பறம் எங்கிட்டக் கேக்கவே வேண்டியதில்லெ பாருங்க."

கடலையைத் துழாவ மறுபடியும் குனிந்துவிட்டார். நான் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

8

வாழப்பாடிக்குப் பஸ் இருக்கிறது. போய் உண்ணாமலையின் அண்ணனைக் கேட்டால் பத்து வார்த்தையில் தெரிந்துவிடும். போகவில்லை. முடிவு இல்லாமல் அச்சுக்குக் கொடுக்க முடியாது என்கிறார் ஆசிரியர். எண்ணெய்க் கடைக்காரர், நல்லெண்ணெயைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு மோட்டார் எண்ணெயைப் பற்றி ஒரு வரியும் இல்லையே என்கிறார். இருவரிடமும் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

மற்ற வாசகர்கள் பத்திரிகையை மூடி வைத்துவிடலாம். இதற்கு மேல் உங்களுக்கு எழுதியது இல்லை.

வெங்கடாசலம் அவர்களே, உங்கள் பெயரும் வண்டியும் வந்திருக்கிறது என்று நீங்கள் இதைக் கடைசி வரை படித்திருப்பீர்கள். முடிவைத் தேடிப் பக்கத்தைத் திருப்ப வேண்டாம், அந்தப் பக்கம் விளம்பரம். முடிவு உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது, இந்நேரம் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருப்பார். கையிலிருக்கும் துணியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய்க் கேளுங்கள்.